பழைய வீட்டை ஒபிஸ் ஆக்கிறம்: நெட்வொர்க் வயரிங்குக்கு ரெண்டு கேட் 6 கொட்டேஷன், டெஸ்ட் ரிப்போர்ட் கட்டாயம் வேணுமா?

பம்பலப்பிட்டி_அட்மின்:

வணக்கம் எல்லாருக்கும். நான் ஒரு சின்ன ஓடிட் ஒபிஸில அட்மின் வேலை பாக்கிறன். ஐடி படிச்ச ஆள் இல்ல, ஆனா ஐடி சம்பந்தமா எது வந்தாலும் என்ர மேசைக்குத்தான் வருது. இப்ப இருக்கிற இடத்தை விட்டிட்டு பம்பலப்பிட்டியில, காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒழுங்கை ஒண்டில, பழைய ரெண்டு மாடி வீட்டை லீசுக்கு எடுத்திருக்கிறம். 34 மேசை, 8 கமரா, 4 வைஃபை ஏபி (வைஃபை சிக்னல் குடுக்கிற பெட்டி). பின் வளவில தனிய ஒரு அனெக்ஸ் இருக்கு, அங்கயும் 6 பேர் இருப்பினம்.

வயரிங்குக்கு ரெண்டு கொட்டேஷன் வந்திருக்கு. முதலாவது ஒரு பக்கம்தான், கேட் 6 (நெட்வொர்க் கேபிளின்ர ஒரு தரம்) கேபிள், எல்லாப் பொயின்டும் செக் பண்ணித் தரப்படும் எண்டு இருக்கு, விலையும் கையைக் கடிக்காது. ரெண்டாவது கிட்டத்தட்ட ஒண்டரை மடங்கு. அதில பேட்ச் பேனல், கீஸ்டோன் ஜாக், லேபல், டிஐஏ 568, பெர்மனென்ட் லிங்க் சேர்டிபிகேஷன் எண்டெல்லாம் கிடக்கு. எங்கட பார்ட்னர் கேக்கிறார் ரெண்டும் கேட் 6 தானே, பிறகேன் கூடக் குடுக்கோணும் எண்டு, எனக்கு அதுக்குப் பதில் சொல்லத் தெரியேல்ல.

இப்ப இருக்கிற ஒபிஸில சில மேசையில ஸ்பீட் 100 எம்பிக்கு மேல ஏறாது, எக்கவுண்டிங் சொஃப்ட்வெயர் அடிக்கடி தொங்கி நிக்கும். வயர் போட்டவரைக் கூப்பிட்டா ஒரு சின்ன மெஷினைக் கொழுவி எட்டு லைட்டும் எரியுது, வயரில பிழை இல்ல எண்டு காட்டிட்டுப் போயிடுவார். அதாலதான் இந்த முறை கேட்டுத் தெரிஞ்சுகொண்டு செய்வம் எண்டு இங்க போடுறன். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

வெள்ளவத்தை_ரேக்:

உங்கட பழைய ஒபிஸ் கதையில இருந்தே தொடங்குவம், பார்ட்னருக்குச் சொல்ல வேண்டிய பதில் அதுக்குள்ளதான் இருக்கு.

கேபிளுக்குள்ள நாலு சோடி. 100 எம்பிக்கு ரெண்டு சோடி போதும், 1, 2, 3, 6 பின் மட்டும். ஜிகாபிட்டுக்கு (1000 எம்பி) நாலு சோடியும் வேணும். ஒரு சோடி சரியில்லையெண்டா நெட்வொர்க் சுவிட்ச் (எல்லா லைனும் போய்ச் சேருற பெட்டி) பேசாம 100 க்கு இறங்கி வேலை செய்யும், ஒரு எரர் மெசேஜும் வராது, ஆக்கள் இன்டர்நெட் கொம்பனியைத்தான் திட்டிக்கொண்டு இருப்பினம். ஆனா உங்கட இடத்தில எட்டு லைட்டும் எரியுது, அப்ப வயர் அறுந்ததில்ல. எனக்கு முதல் வாற சந்தேகம் ஸ்பிளிட் பெயார்.

விளக்கமாச் சொல்லுறன். 568 பி ஓடர் (ஜாக்கில கலர் அடிக்கிற வரிசை) எண்டா வெள்ளை ஒரேஞ்ச், ஒரேஞ்ச், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுண், பிரவுண். பச்சைச் சோடி 3 லயும் 6 லயும் போய் உக்காரும், நீலச் சோடி அதுக்கு நடுவில. இது தெரியாத ஆள் பாக்கிறதுக்கு ஒழுங்கா இருக்கட்டும் எண்டு வெள்ளைப் பச்சைக்குப் பக்கத்தில பச்சை, பிறகு வெள்ளை நீலம், நீலம் எண்டு கலர் வரிசையில அடிச்சிடுவார், ரெண்டு பக்கமும் அதே மாதிரி. லைட் டெஸ்டர் பாக்கிறது 1 இல இருந்து 1 க்கு கரண்ட் போகுதா எண்டது மட்டும்தான், அது போகும், எட்டும் எரியும். ஆனா 3 உம் 6 உம் இப்ப ஒரே முறுக்கில இல்ல, ஒண்டு பச்சைச் சோடியில, மற்றது நீலச் சோடியில. முறுக்கி இருக்கிறதே ஒரு சோடியின்ர இரைச்சல் பக்கத்துச் சோடிக்குப் போகாம இருக்கத்தான். முறுக்கு மாறினா ஒண்டின்ர சிக்னல் மற்றதுக்குள்ள பாயும். அதைத்தான் நெக்ஸ்ட் எண்டு அளக்கிறது, லைட் டெஸ்டருக்கு அதைப் பாக்கிற வழியே இல்ல.

சேர்டிபையர் எண்டிறது வேற மெஷின், இங்க கூடுதலாக் காணுறது ஃப்ளூக் டிஎஸ்எக்ஸ். கேட் 6 எண்டா 250 மெகாஹேர்ட்ஸ் வரைக்கும் ஒவ்வொரு ஃப்ரீக்குவன்சியா அனுப்பி நெக்ஸ்ட், ரிட்டர்ன் லொஸ் (திரும்பித் தெறிக்கிற சிக்னல்), இன்சேர்ஷன் லொஸ் (போற வழியில குறையிற சிக்னல்), நீளம் எல்லாத்தையும் டிஐஏ 568 (அமெரிக்க ஸ்டாண்டர்ட்) இல இல்லாட்டி ஐஎஸ்ஓ 11801 (சர்வதேச ஸ்டாண்டர்ட்) இல போட்டிருக்கிற லிமிட்டோட ஒப்பிட்டுப் பாக்கும். ஜாக்கில பஞ்ச் பண்ணேக்க (வயரை அமத்திப் பொருத்தேக்க) சோடியை 13 மில்லிமீட்டருக்கு மேல பிரிச்சாலும், மூலையில மடிச்சு ஆணி அடிச்சு விட்டாலும், 11 கிலோ போல விசைதான் இழுக்கலாம் எண்டிற கேபிளை ரெண்டு பேர் சேந்து பைப்புக்குள்ளால உருவி எடுத்தாலும், அவ்வளவும் அந்தக் கிராஃபில வந்து நிக்கும்.

அதால ரெண்டும் கேட் 6 எண்டிறது சரியில்ல. முதலாவது ஆள் விக்கிறது கேட் 6 கேபிள், ரெண்டாவது ஆள் எழுதித் தாறது கேட் 6 லிங்க். பேனலில (கேபிள் எல்லாம் வந்து முடியிற பலகை) இருந்து சுவரில இருக்கிற ஜாக் வரைக்கும், அதுதான் பெர்மனென்ட் லிங்க், முழுசா அந்தத் தரத்துக்கு நிக்குது எண்டு. கேபிள் பொக்ஸில என்ன அச்சடிச்சிருந்தாலும் உங்கட ஆக்கள் பாவிக்கப்போறது லிங்கைத்தான்.

குறுக்குத்தெரு_நானா:

மேல சொன்னது ரொம்ப சரி. நான் புறக்கோட்டையில கேபிள் விக்கிற ஆள், அதனால கேபிள் பக்கத்த மட்டும் செல்லுறேன். முதலாவது கொட்டேஷன்ல கேபிள் பிராண்ட் எழுதி ஈக்கா? சொலிட் கொப்பர்ன்டு எழுதி ஈக்கா? இல்லாட்டி கட்டாயம் கேளுங்க. சிசிஏன்டு ஒன்டு ஈக்கி, உள்ளுக்கு அலுமினியம், மேல மெல்லிசா கொப்பர் பூசினது. பொக்ஸ்ல கேட் 6 ன்டுதான் அடிச்சி ஈக்கும், கலரும் அதே கலர், விலை மட்டும் நல்லா கொறவு. டிஐஏவும் சரி ஐஎஸ்ஓவும் சரி அத ஏத்துக்கிறதில்ல, கொப்பர் கண்டக்டர்தான் ஸ்டாண்டர்ட்.

கடையிலயே பாக்கலாம். ஒரு வயர எடுத்து பிளேடால மெதுவா சொரண்டுங்க, உள்ளுக்கு வெள்ளி மாதிரி மின்னினா வெச்சிட்டு வாங்க. ரெண்டு மூனு தரம் இங்கிட்டும் அங்கிட்டும் மடிச்சா அலுமினியம் டக்குன்டு முறிஞ்சிரும், கொப்பர் அவ்வளவு லேசுல முறியாது. தூக்கிப் பாத்தாலும் தெரியும். 305 மீட்டர் பொக்ஸ்ல 23 கேஜ் (வயர் தடிப்பு) கொப்பர் மட்டுமே அஞ்சரை கிலோ போல வரும், அதுக்கு மேலதான் பிளாஸ்டிக் கனம். சிசிஏ பொக்ஸ ஒரு கையில தூக்கிட்டு போயிடலாம். சில பேர் காந்தம் வெச்சி பாக்க சொல்லுவாங்க, அது இரும்புக்கு கொப்பர் பூசினத மட்டும்தான் காட்டும், அலுமினியத்துல காந்தம் ஒட்டாது, அத நம்பி வாங்க வேணாம்.

ஏற்கனவே இழுத்து முடிச்சிருந்தா மல்டிமீட்டர் போதும். அந்தப் பக்கம் ஒரு சோடிய ஒன்டா முறுக்கி விட்டுட்டு இந்தப் பக்கம் ஓம் பாருங்க. 23 கேஜ் கொப்பர் 100 மீட்டருக்கு 13, 14 ஓம் வரும். சிசிஏன்டா 20 க்கு மேல ஏறும்.

ஒங்களுக்கு எட்டு கமராவும் நாலு ஏபியும் ஈக்கிதானே, அதெல்லாம் பிஓஈ, கரண்டும் அதே வயர்லதான் போகும். ரெசிஸ்டன்ஸ் கூடினா வோல்டேஜ் எறங்கும், வயர் சூடாகும், ராத்திரி ஐஆர் லைட் பத்துற நேரம் கமரா ரீஸ்டார்ட் ஆகும். கஸ்டமர் கமரா பழுதுன்டு கொண்டு வருவாங்க, இங்க போட்டா நல்லா வேல செய்யும், பழுது வயர்ல ஈக்கும்.

தெஹிவளை_நெட்:

நண்பரே, 34 மேசை ஓடிட் ஒபிஸுக்கு இவ்வளவு தேவையா? எல்லாரும் லெப்டொப், ஃபைல் எல்லாம் கிளவுட்ல. நல்ல வைஃபை போட்டு, மேசைக்கு கேட் 5ஈ (கேட் 6 க்கு ஒரு தரம் கீழ) ஒரு லைன் இழுத்தா காணும். கேட் 5ஈ ஜிகாபிட் 100 மீட்டர் போகும், 2016 இல வந்த 802.3பிஇசட் ஸ்டாண்டர்ட் படி 2.5 ஜிகாபிட்டும் போகும். மிச்சக் காசுக்கு நல்ல சுவிட்ச் வாங்குங்கோ.

வெள்ளவத்தை_ரேக்:

கேட் 5ஈ பற்றிச் சொன்னது உண்மைதான், நான் அதை மறுக்கேல்ல. மேசைக்கு கேட் 5ஈ போட்டு ஒழுங்கா சேர்டிபை பண்ணினா, சேர்டிபை பண்ணாத கேட் 6 ஐ விட அது ஆயிரம் மடங்கு நல்லது. ஆனா கேபிள் விலையில கேட் 5ஈக்கும் கேட் 6 க்கும் வாற வித்தியாசம், ஆள் வந்து சீலிங் கழட்டி, சுவர் துளைச்சு, இழுத்து மூடுற கூலிக்குப் பக்கத்தில பெரிசா ஒண்டுமில்ல. பழைய வீட்டுச் சுவர் எவ்வளவு தடிப்பு எண்டு துளைக்கத் தொடங்கினாத்தான் தெரியும். திரும்ப ஒருக்கா அதைத் திறக்கிற நிலைமை வரக்கூடாது.

மேசைக்கு ஒண்டில்ல, ரெண்டு பொயின்ட் போடுங்கோ. டிஐஏ கேக்கிற மினிமமே அதுதான். ஒண்டு பழுதானா ஆள் வரும்வரைக்கும் மற்றதில ஓடலாம், ஃபோனோ பிரின்டரோ வந்தா அதுக்கும் இடம். வைஃபையை நம்பிற ஒபிஸ் எண்டா ஏபிக்குப் போற கேபிளைத்தான் இன்னும் நல்லாப் போடோணும், ஒரு ஏபியில 10, 15 பேர் தொங்குவினம். டிஐஏ சொல்லுறது ஒவ்வொரு ஏபிக்கும் ரெண்டு கேட் 6ஏ (கேட் 6 க்கு மேல் தரம்). நாலு ஏபிதானே, எட்டு லைன் கேட் 6ஏ, மிச்சம் எல்லாம் கேட் 6. கேட் 6 இல 10 ஜிகாபிட் போனாலும் 55 மீட்டர் மட்டும்தான், அதுவும் பக்கத்துக் கேபிளின்ர இரைச்சல் குறைவா இருந்தா. 6ஏ எண்டா முழு 100 மீட்டர். கேபிள் தடிப்பு, பைப் சைஸை அதுக்கேத்த மாதிரி முதலே எடுங்கோ, பைப்பில 40 வீதத்துக்கு மேல நிரப்பக்கூடாது.

இன்னொண்டு, 90 மீட்டர் பெர்மனென்ட் லிங்க், பேட்ச் கோட் (ரெண்டு நுனியிலயும் கொழுவிற சின்ன வயர்) எல்லாம் சேத்து 100 மீட்டர் எண்டு எல்லாரும் சொல்லுவினம், அது 20 டிகிரிக்குப் போட்ட கணக்கு. மத்தியானம் கொழும்பில சீற் கூரைக்குக் கீழ சீலிங்குக்குள்ள கைய விட்டுப் பாருங்கோ. யூடிபியில (உலோக உறை இல்லாத சாதாரண கேபிள்) 20 க்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் இழப்பு 0.4 வீதம் கூடும், 40 டிகிரியில 90 எண்டது 83, 84 மீட்டராக் குறைஞ்சிடும். உங்கட வீட்டில அவ்வளவு நீளம் வராது எண்டு நினைக்கிறன், ஆனா ரேக்கை (சுவிட்சும் பேனலும் வைக்கிற அலுமாரி) மூலையில வைக்காம நடுவில எங்கயாவது வைக்க ஏலுமா எண்டு பாருங்கோ.

கரண்ட்_வேலை:

நான் எலக்ட்ரிகல் பக்கம். ரெண்டு கொட்டேஷன்லயும் அனெக்ஸுக்கு எப்படிப் போறாங்கன்னு எழுதியிருக்காங்களா? நீங்க சொல்லவே இல்ல, எனக்கு அதுதான் முதல்ல கண்ணுல பட்டுச்சு. அந்த லைன் கொப்பரா இருந்தா வேணாம்னு சொல்லிடுங்க. ஃபைபர் போடச் சொல்லுங்க.

காரணம் இருக்கு. ரெண்டு கட்டிடத்துக்கும் தனித்தனி ஏர்த் இருந்தா, பக்கத்துல மின்னல் விழுற நேரம் ரெண்டு ஏர்த்துக்கும் நடுவுல பெரிய வோல்டேஜ் வித்தியாசம் வரும். அது சமப்படுறதுக்கு வழி தேடும், நீங்க போட்ட நெட்வொர்க் கேபிள்தான் வழி. மார்ச் ஏப்ரல்லயும் ஒக்டோபர் நவம்பர்லயும் பின்னேரம் ஆனா கொழும்புல இடி இடிக்கிறது உங்களுக்கே தெரியும். ஒரே அடியில ரெண்டு பக்கம் சுவிட்ச், அதுல கொழுவியிருக்கிற கமரா எல்லாம் போயிடும். வெளிய இருக்கிற கமராவுக்கும் இதே பயம் உண்டு, அந்த லைனுக்கு ரேக் பக்கத்துல சேர்ஜ் புரொடெக்டர் வைங்க.

ஃபைபர்ல கண்ணாடிதான், கரண்ட் கடத்தாது. ஆனா ஆர்மர்ட் ஃபைபர்ல இரும்பு உறை இருக்கும், அப்ப அதையும் ஏர்த் பண்ணணும், அதனால மெட்டலே இல்லாத டைப் கேளுங்க. சிங்கிள் மோட் ஓஎஸ்2 (ஃபைபர்ல ஒரு வகை), 6 கோர் (இழை) இழுத்து ரெண்ட மட்டும் பாவிச்சா போதும், மிச்சம் ஸ்பேர். மண்ணுக்குள்ள பைப் போட்டு விடுங்க, மரத்துல கட்டித் தொங்க விட வேணாம்.

உள்ள கரண்ட் வயரோட ஒரே கேஸிங்ல நெட்வொர்க் கேபிளையும் தள்ளுறத எத்தனையோ இடத்துல பாத்திருக்கேன். இது இன்டர்ஃபெரன்ஸ் மட்டும் இல்லங்க, இன்சுலேஷன் எங்கயாவது உரிஞ்சா 230 வோல்ட் நேரா மேசைக்கு வரும். ரெண்டுக்கும் தனி ட்ரங்கிங், இல்லன்னா நடுவுல தடுப்பு இருக்கிற ட்ரங்கிங். வேற கணக்கு ஒண்ணும் போடாத இடத்துல பிஎஸ் 7671 (பிரிட்டிஷ் வயரிங் விதி) கேக்குறது 200 மில்லிமீட்டர் இடைவெளி. எங்கயாவது குறுக்க வெட்டித்தான் ஆகணும்னா நேர் செங்கோணத்துல வெட்டணும். ரேக்குக்கும் ஏர்த் வயர் கட்டாயம் போடச் சொல்லுங்க, இது ரெண்டு கொட்டேஷன்லயும் இல்லாம இருக்க வாய்ப்பு அதிகம்.

நீங்க கடலுக்குக் கிட்ட இருக்கிறதால இன்னொண்ணு. வெளிய போற கேபிள் கறுப்புப் பிஈ உறை போட்ட அவுட்டோர் டைப்பா இருக்கணும். உள்ளுக்குப் போடுற சாம்பல் கலர் பிவிசி வெயில்ல வெடிச்சு, உப்புக் காத்தும் மழையும் உள்ள போயி கொப்பர் பச்சையாயிடும். கமரா ஜொயின்ட் எல்லாம் மூடின பொக்ஸுக்குள்ள, கேபிள் கீழ இருந்து மேல ஏறி உள்ள போற மாதிரி வைங்க, அப்பதான் தண்ணி வழிஞ்சு உள்ள போகாது.

பம்பலப்பிட்டி_அட்மின்:

எல்லாருக்கும் நல்ல நன்றி. ரெண்டு பேரோடயும் இண்டைக்குக் கதைச்சன். முதலாவது ஆளிட்ட சேர்டிபையர் இல்லயாம், தேவையெண்டா வெளிய எடுத்து செய்து தரலாம், அதுக்குத் தனிக் காசு எண்டார். அதைச் சேத்துப் பாத்தா விலை வித்தியாசம் பாதியாக் குறைஞ்சிட்டு. கேபிள் பிராண்ட் கேட்டதுக்கு கிடைக்கிறதைப் பொறுத்து எண்டார். ரெண்டாவது ஆள் பிராண்ட் எழுதியிருக்கிறார், சொலிட் கொப்பர் எண்டும் இருக்கு, ஆனா அனெக்ஸுக்கு அவரும் கேட் 6 தான் போட்டிருக்கிறார், ஃபைபருக்கு மாத்தித் தரச் சொல்லிட்டன். ரேக் ஏர்த் ரெண்டிலயும் இல்ல.

பார்ட்னருக்கு ஸ்பிளிட் பெயார் கதையை அப்பிடியே வாசிச்சுக் காட்டினன், அவருக்கு விளங்கிட்டு. இப்ப ஓடர் குடுக்க முதல் என்ன எழுதோணும், ரிப்போர்ட் வந்தா அதில என்னத்தைப் பாக்கோணும்? எனக்கு அந்தக் கிராஃப் எல்லாம் வாசிக்கத் தெரியாது.

வெள்ளவத்தை_ரேக்:

கிராஃப் வாசிக்கத் தேவையில்ல. ஓடரில இதை எழுதுங்கோ: எல்லா லிங்கும் டிஐஏ கேட் 6 பெர்மனென்ட் லிங்க் லிமிட்டில டெஸ்ட் பண்ணோணும், 6ஏ லைன் எல்லாம் 6ஏ லிமிட்டில, ஃபைபருக்கு இழப்பு டெஸ்ட் தனிய, கடைசித் தவணைக் காசு ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு. கடைசியாச் சொன்னதை விடவே வேண்டாம், காசு முழுக்கக் குடுத்த பிறகு ஃபெயில் ஆன பொயின்டைத் திருத்த ஆளைப் பிடிக்கேலாது.

பெர்மனென்ட் லிங்க் எண்ட சொல்லு முக்கியம். சில பேர் சனல் எண்ட லிமிட்டில வைச்சு டெஸ்ட் பண்ணுவினம், அது பேட்ச் கோட்டையும் சேத்துக் கணக்குப் போடுறதால கொஞ்சம் தளர்வு, பெர்மனென்டில ஃபெயில் ஆகிறது அதில பாஸ் ஆகிடும். ரிப்போர்ட்டின்ர மேல்பக்கத்தில லிமிட் பேர் அச்சில இருக்கும். கமராவும் ஏபியும் மட்டும் வேற, அங்க சுவரில ஜாக் போடாம கேபிள் நுனியில நேரா பிளக் அடிக்கலாம், 2018 இல வந்த 568.2 டி அதை எம்பிடிஎல் எண்டு அனுமதிக்குது, அதுக்குத் தனி டெஸ்ட் லிமிட் இருக்கு. மேசைக்கெல்லாம் கீஸ்டோனும் பேனலும்தான், சுவருக்குள்ளால வாற கேபிளில நேரா பிளக் அடிச்சுத் தந்தா எடுக்காதையுங்கோ.

பிடிஎஃப் மட்டும் வாங்காம மெஷினில இருந்து வாற ஒரிஜினல் ஃபைலையும் கேளுங்கோ. ஃப்ளூக் எண்டா லிங்க்வேர் எண்ட சொஃப்ட்வெயரில திறக்கும், அது இலவசம். அதில லிஸ்ட்டைத் திறந்து நீளம் எண்ட கொலத்தை மட்டும் மேல இருந்து கீழ பாத்துக்கொண்டு போங்கோ. ரேக்குக்குப் பக்கத்து மேசை 12 மீட்டர், தூர மேசை 40 மீட்டர் எண்டு கலைஞ்சு வரோணும். அடுத்தடுத்து பத்துப் பொயின்ட் 23.4, 23.4, 23.4 எண்டு வந்தா ஒரே லைனில மெஷினைக் கொழுவி வைச்சுக்கொண்டு பேரை மட்டும் மாத்தி மாத்தி சேவ் பண்ணியிருக்கினம். டெஸ்ட் பண்ணின நேரமும் இருக்கும், அதையும் பாருங்கோ, ஆள் ஒரு அறையில இருந்து மற்ற அறைக்கு நடந்து போகவே நேரம் எடுக்கும்.

பாஸுக்குப் பக்கத்தில நட்சத்திரக் குறி இருந்தா அது மருங்கில பாஸ், மெஷின்ர அளவுப் பிழைக்குள்ள விழுந்தது. ஒண்டு ரெண்டு இருந்தா திரும்பப் பஞ்ச் பண்ணச் சொல்லுங்கோ, கூடுதலா எங்கயோ சோடியைக் கனக்கப் பிரிச்சிருக்கும். நிறைய இருந்தா கேபிளிலயோ வேலையிலயோ பிழை, கையெழுத்து வைக்காதையுங்கோ. மெஷினைக் கலிப்ரேட் பண்ணின திகதியும் ரிப்போர்ட்டிலயே வரும், வருசத்துக்கு ஒருக்கா பண்ணச் சொல்லித்தான் கொம்பனி சொல்லுது.

ரிப்போர்ட்டில இருக்கிற பேரும் சுவரில ஜாக்கில ஒட்டியிருக்கிற லேபலும் பேனலில இருக்கிற இலக்கமும் ஒண்டா இருக்கோணும். எங்கயாவது ஒரு அஞ்சு பொயின்டை நீங்களே தெரிஞ்செடுத்து உங்களுக்கு முன்னால திரும்ப டெஸ்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கோ. நல்லா வேலை செய்யிற ஆள் அதுக்குக் கோவிக்க மாட்டார், சந்தோசமாச் செய்து காட்டுவார்.

குறுக்குத்தெரு_நானா:

பேட்ச் கோடும் கொட்டேஷன்ல சேருங்க, அத மறந்துட்டு கடைசியில மலிவுக்கு வாங்குவாங்க. ஃபெக்டரில அடிச்ச கோட் வாங்குங்க, கையால அடிச்சது வேணாம். ரிப்போர்ட்டெல்லாம் பாஸ் ஆகி, மேசையில கொழுவின ஒரு மீட்டர் கோட்ல திரும்ப அதே 100 க்கு எறங்கினா ஒங்க பார்ட்னர் ஒங்களத்தான் கேப்பாரு.

பம்பலப்பிட்டி_அட்மின்:

சேத்திட்டன். ரெண்டாவது ஆள் ஒரிஜினல் ஃபைல் தாறதுக்கு ஓம் எண்டிட்டார், அஞ்சு பொயின்ட் திரும்ப டெஸ்ட் பண்ணிக் காட்டவும் ஓம். ஃபைபர், ரேக் ஏர்த், 6ஏ எட்டு லைன் எல்லாம் சேத்துத் திருத்தின கொட்டேஷன் வெள்ளிக்கிழமை வரும். ரேக்கை மேல் மாடிப் படிக்குப் பக்கத்துச் சின்ன அறையில வைக்கலாம் எண்டு பாக்கிறம், வீட்டுக்கு நடுவிலதான் வருது. ஆனா அங்க ஏசி இல்ல, ஒரு ஜன்னல்தான். அது காணுமா?

வெள்ளவத்தை_ரேக்:

சுவிட்சும் யூபிஎஸும் மட்டும் எண்டா ஒரு எக்ஸோஸ்ட் ஃபேன், கதவில கீழ காத்து வாற கிறில், காணும். என்விஆரும் (கமரா பதிவு பண்ணுற பெட்டி) சேர்வரும் அங்கதான் வருதெண்டா ஒரு சின்ன ஏசி போடுங்கோ, யூபிஎஸ் பெட்டரி சூட்டிலதான் முதல் சாகும். அந்த ஜன்னல் கடல் பக்கம் பாத்ததெண்டா மூடி சீல் பண்ணிடுங்கோ, உப்புக் காத்து பேனலுக்கு வரக்கூடாது. பாத்ரூமுக்குக் கீழ வாற அறையா எண்டும் பாத்துக்கொள்ளுங்கோ, பழைய வீடுகளில மேல தண்ணிப் பைப் எங்கால போகுதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.